பழைய கோர்ட் ரெக்கார்டு ஆர்க்கைவைத் தேத்தணும்னா காசை எதுல போடறது?

ஆர்க்கைவ் ஆன்லைன்ல வந்தாச்சு, பக்கமெல்லாம் ஸ்கேன் ஆகி ஏறியாச்சு, ஆராய்ச்சி பண்றவங்களும் வந்து தேடறாங்க, ஆனா வர்றவங்க எல்லாருமே ஏதோ ஒரு குறையோடதான் திரும்பிப் போறாங்க. இந்த நிலைமைல கொஞ்சம் ஃபண்டு கிடைச்சா அதை எதுல போடலாம்? மீட்டிங்ல உக்காந்தா முதல் ஆளு சொல்றது எப்பவும் ஹோம் பேஜை மாத்தலாம்னுதான். அதை நான் இந்த ஒப்பீட்டுக்குள்ளயே எடுத்துக்கல, முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்த வழக்கைத் தேடி வர்றவன் ஹோம் பேஜ்ல நின்னு வேடிக்கை பாக்கப் போறதில்ல. நிஜமான போட்டி மூணு இடத்துல இருக்கு: பக்கத்துல இருக்கற எழுத்தை எப்படி டெக்ஸ்ட் ஆக்கறது, ஆக்கினதை எப்படி தேட வைக்கறது, தேடி எடுத்ததை எப்படி கையில குடுக்கறது. செலவும் சண்டையும் அதிகம் முதல்லதுலதான், அதனால நானும் அங்கயே ரொம்ப நேரம் நிப்பேன்.

ஒப்பிடறதுக்கு ஒரு அளவுகோல் வேணும். லண்டன் ஓல்டு பெய்லி கோர்ட்டோட ஆன்லைன் ஆர்க்கைவை எடுத்துக்கறேன். 1674ல இருந்து 1913 வரைக்கும் அந்த கோர்ட்ல நடந்த விசாரணைகளை அச்சடிச்சு வெளியிட்டுக்கிட்டே இருந்தாங்க, அதுக்கு 'புரொசீடிங்ஸ்'னு பேரு. மொத்தம் 1,97,000க்கு மேல வழக்கு, சுமார் 12.7 கோடி சொல்லு. 2003ல ஏத்த ஆரம்பிச்சு 2008ல 1913 வரைக்கும் கொண்டுவந்து முடிச்சாங்க. இன்னிக்கும் இதையே எல்லாரும் உதாரணமா காட்டறாங்கன்னா அதுக்குக் காரணம் அழகான சைட்டுங்கறது இல்ல, டெக்ஸ்டுல அவங்க காட்டின பிடிவாதம்.

டெக்ஸ்ட்: கை, மெஷின், தொண்டர், அப்புறம் புதுசா வந்த ஏஐ

டபுள் கீயிங்னு ஒரு முறை இருக்கு. ஒரே பக்கத்தை ரெண்டு பேர் தனித்தனியா டைப் அடிப்பாங்க, ஒருத்தர் அடிச்சதை இன்னொருத்தர் பாக்கவே மாட்டார், அப்புறம் கம்ப்யூட்டர் ரெண்டையும் ஒப்பிட்டு எங்கெல்லாம் ஒத்துப்போகலியோ அந்த இடத்தை மட்டும் மூணாவது ஆளுகிட்ட அனுப்பும். ரெண்டு பேரும் ஒரே இடத்துல ஒரே தப்பைப் பண்றது ரொம்ப அபூர்வம், இந்த முறை முழுக்க அந்த ஒரு விஷயத்து மேலதான் நிக்குது. ஓல்டு பெய்லில 1834 வரைக்கும் உள்ள பகுதியை இப்படித்தான் பண்ணாங்க. அதுக்கப்புறம் வந்த பக்கங்களுக்கு கொஞ்சம் மலிவான ஒரு வழி பிடிச்சாங்க, ஒரு தடவை ஆளு டைப் அடிக்கறது, இன்னொரு தடவை ஓசிஆர், அதாவது ஸ்கேன் படத்துல இருக்கற எழுத்தைப் படிச்சு டெக்ஸ்ட் ஆக்கற சாஃப்ட்வேர், படிக்கறது, ரெண்டையும் மோத விடறது. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச ஐடியா. மனுஷனுக்கு வழுக்கறது விரல், வரியைத் தாண்டிடுவான், பக்கத்து கீயைத் தட்டிடுவான். மெஷினுக்கு வழுக்கறது கண்ணு, மை பரவின இடத்துல வேற எழுத்தைப் பாத்துடும். ரெண்டு பேர் தப்பும் ஒரே ஜாதி இல்லாததால ஒண்ணை ஒண்ணு காட்டிக் குடுத்துடும்.

ஓசிஆர் மட்டும் போதாதா, இப்பதான் டெசராக்ட் மாதிரி இலவச சாஃப்ட்வேரே நல்லா படிக்குதேன்னு கேப்பாங்க. 19ஆம் நூற்றாண்டு அச்சுக்கு ஓரளவு போதும், மறுக்கல. அதுக்கு முன்னாடி போனா கதை மாறுது. 1800 வாக்குல வரைக்கும் இங்கிலீஷ் அச்சுல 'எஸ்' எழுத்து சொல்லோட முதல்லயும் நடுவுலயும் வந்தா நீட்டமா, பாக்க அப்படியே 'எஃப்' மாதிரி இருக்கும், நடுக்கோடு மட்டும் பாதியோட நிக்கும். பழக்காத ஓசிஆர் அதை 'எஃப்'னே படிச்சுடும். அப்ப 'கேஸ்'ங்கற சொல்லு 'கஃபே' ஆயிடும், ஒரு கோர்ட் ரெக்கார்டுல இதைவிட என்ன அசிங்கம் வேணும். திருட்டு வழக்குல அடிக்கடி வர்ற 'சில்க்', 'ஃபில்க்' ஆனா பரவால்ல, அப்படி ஒரு சொல்லே கிடையாது, ஸ்பெல் செக் போட்டா மாட்டிக்கும். ஆனா திருட்டுப் பொருளை 'வித்தான்'னு சொல்ற 'ஸோல்ட்', 'ஃபோல்ட்' ஆயிட்டா 'மடி'ன்னு ஆயிடுது, அதுவும் அகராதில இருக்கற சொல்லு, எந்த ஸ்பெல் செக்கும் பிடிக்காது. பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கற பர்னி கலெக்ஷன்னு 17, 18ஆம் நூற்றாண்டு செய்தித்தாள் தொகுப்பு ஒண்ணு, அதோட ஓசிஆரை 2009ல அளந்து பாத்தப்ப சொல் அளவுல சுமார் 65 சதவீதம்தான் சரியா இருந்துச்சு, 'அது, இது, ஒரு' மாதிரி சின்னச் சொல்லைத் தள்ளிட்டு பொருள் உள்ள சொல்லை மட்டும் எண்ணினா பாதிகூட தேறல. தேடறவன் தேடறது அந்தப் பொருள் உள்ள சொல்லைத்தானே.

இங்க ஒரு சின்ன கணக்கு போட்டுக் காட்டறேன், ஏன்னா டெக்ஸ்ட் ஆக்கித் தர்ற வெண்டர்கள் எல்லாரும் எழுத்து அளவுல சதவீதம் சொல்லி ஏமாத்துவாங்க. '95 சதவீதம் சரி'ன்னு கேட்டா பிரமாதமா இருக்கும். அதுக்கு அர்த்தம் 20 எழுத்துக்கு ஒண்ணு தப்பு. தப்பு எல்லா இடத்துலயும் சமமா விழுதுன்னு வச்சுக்கிட்டா, ஆறு எழுத்து சொல்லு முழுசா சரியா வர வாய்ப்பு சுமார் 73 சதவீதம். பேரும் குடும்பப் பேரும் சேர்த்து 14 எழுத்துன்னா 49 சதவீதம், அதாவது முழுப் பேரைப் போட்டுத் தேடினா பாதி தடவை கிடைக்கவே கிடைக்காது. நிஜத்துல தப்பு சமமா விழாது, கறை படிஞ்ச பக்கத்துல குவியும், நல்ல பக்கத்துல இருக்காது, அதனால இந்த நம்பர் ஒரு தோராயம்தான். ஆனா அதுவே இன்னொரு ஆபத்து: எந்தப் பக்கம் மோசம்னு யாரும் சொல்லாததால, 'கிடைக்கல'ங்கறதை 'இல்ல'ன்னு எடுத்துக்கிட்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிடறாங்க.

எனக்கே நடந்துச்சு. பேர் சொல்ல வேணாம், ஒரு ஆர்க்கைவ்ல ஒரு சாட்சியோட பேரைப் போட்டு பல வாரம் தேடினேன், சைபர். அந்த ஆளு கோர்ட்டுப் பக்கமே வரலன்னு முடிவு பண்ணி ஒரு பத்தி எழுதியும் வச்சுட்டேன். அப்புறம் வேற எதுக்கோ பக்கம் பக்கமா ஸ்கேனைப் புரட்டறப்ப அதே ஆளு ஒரே செஷன்ல, அதாவது கோர்ட் ஒரு தடவை கூடினப்பவே, மூணு இடத்துல நிக்கறார், மூணு இடத்துலயும் மூணு ஸ்பெல்லிங், ரெண்டு குமாஸ்தாவோட வேலை, ஒண்ணு ஓசிஆரோட வேலை. பத்தியை அழிச்சேன், வேற என்ன பண்றது.

கையெழுத்து ரெக்கார்டுன்னா ஆட்டமே வேற. வாக்குமூலம், மினிட் புக், குற்றப்பத்திரிகை எல்லாம் அச்சு ஏறாதது. இங்கிலாந்துல 1733 வரைக்கும், நடுவுல 1650கள்ல ராஜா இல்லாத கிராம்வெல் காலத்துல கொஞ்ச வருஷம் தவிர, முறையான கோர்ட் ரெக்கார்டு லத்தீன்ல, அதுவும் சொல்லைப் பாதியில வெட்டி மேல ஒரு கோடு போட்டு சுருக்கி எழுதினது. இதை டைப் அடிக்க சும்மா டைப்பிஸ்ட் போதாது, பழைய கையெழுத்து படிக்கத் தெரிஞ்ச ஆளு வேணும், அந்த ஆளுக்கு டபுள் கீயிங் பண்ண யாராலயும் காசு குடுக்க முடியாது. இங்கதான் டிரான்ஸ்கிரிபஸ் மாதிரி கையெழுத்து படிக்கற சாஃப்ட்வேர் ஜெயிக்குது. நீங்களே 25ல இருந்து 75 பக்கம் வரைக்கும் சரியா படிச்சுக் குடுத்தா அந்தக் கையை அது கத்துக்கும். 'அந்தக் கையை'ங்கறதைக் கவனிங்க. குமாஸ்தா மாறினா துல்லியம் சட்டுனு சரியும். அதனால ஒரே ஆளு இருபது வருஷம் எழுதின ரிஜிஸ்டருக்கு இது வரப்பிரசாதம், முப்பது பேர் கை பட்ட மூட்டைக்குத் தலைவலி. தமிழ்ல பழைய கையெழுத்து பாத்தவங்களுக்கு இது இன்னும் நல்லா புரியும், புள்ளி வைக்க மாட்டாங்க, காலும் ரகரமும் ஒண்ணு போல இருக்கும், குறில் எகரமா நெடில் ஏகாரமான்னு இடம் பாத்துதான் முடிவு பண்ணணும், அதை மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடி எப்படி எழுதறதுன்னு நாமளே ஒரு விதி வச்சுக்கணும்.

இப்ப எல்லா மீட்டிங்லயும் வர்ற ஐடியா, மோசமான ஓசிஆரை ஏஐ மொழி மாடல்கிட்ட குடுத்து சுத்தம் பண்ணிடலாம்ங்கறது. வேகம் இருக்கு, மலிவு, படிக்கவும் வழவழன்னு இருக்கும். அந்த வழவழப்புதான் எனக்குப் பயம். ஓசிஆர் தப்பு பண்ணினா தப்பு மாதிரியே இருக்கும், 'ஃபில்க்'னு பாத்ததும் யாரும் ஏமாற மாட்டாங்க. மொழி மாடல் தப்பு பண்ணினா சரி மாதிரியே இருக்கும். கிழிஞ்ச இடத்துல பொருத்தமான சொல்லைத் தானா வச்சுடும், அந்தக் கால ஸ்பெல்லிங்கை இந்தக் காலத்துக்கு மாத்திடும், வித்தியாசமான பேரை ஊருல அதிகமா புழங்கற பேரா திருத்திடும். மொழி வரலாறு பாக்கறவனுக்கு ஸ்பெல்லிங்தான் சரக்கு, குடும்ப வரலாறு பாக்கறவனுக்கு பேர்தான் சரக்கு, ரெண்டையும் சேர்த்து துடைச்சு வச்சுட்டு சுத்தமாயிடுச்சுன்னா எப்படி? பயன்படுத்தவே கூடாதுன்னு சொல்லல. தேடலுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கற இரண்டாவது லேயரா வச்சுக்கலாம், தேடினா பக்கம் கிடைக்கட்டும், ஆனா மேற்கோள் காட்ட எடுக்கற டெக்ஸ்டுல அது கை வைக்கக் கூடாது.

தொண்டர்களை வச்சுப் பண்றதைப் பத்தி ரெண்டு கருத்து உலாவுது, இலவசம்னு ஒண்ணு, நம்ப முடியாதுன்னு ஒண்ணு. ரெண்டுமே தப்பு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் 2010ல ஆரம்பிச்ச 'டிரான்ஸ்கிரைப் பெந்தம்', ஜெரமி பெந்தம்ங்கற சட்டச் சிந்தனையாளரோட கையெழுத்துப் படிகளை மக்களை வச்சு படிக்க வச்சது, வந்த வேலை தரமாத்தான் இருந்துச்சு. ஆனா ஆயிரம் பேர் பதிவு பண்ணினாலும் நிஜமா வேலை பண்றது விரல் விட்டு எண்ற சில பேர்தான், எந்தத் தொண்டர் திட்டத்தைப் பாத்தாலும் இதே கதை. அவங்க அனுப்பறதைச் சரிபார்க்க, கேள்விக்குப் பதில் சொல்ல, சோர்ந்து போறப்ப பேச ஒரு ஆளு சம்பளத்துக்கு வேணும். இன்னொரு விஷயம் கோர்ட் ரெக்கார்டுக்கே உரியது. பாலியல் குற்றம், குழந்தைக் கொலை மாதிரி வழக்கெல்லாம் நடுவுல வரும், முன்னறிவிப்பு இல்லாம ஒரு தொண்டர் கையில அந்தப் பக்கத்தைத் திணிக்கக் கூடாது. ஆஸ்திரேலியா தேசிய நூலகத்தோட ட்ரோவ்ங்கற சைட் பழைய செய்தித்தாளுக்குப் பண்ற மாதிரி ஏற்கனவே இருக்கற டெக்ஸ்டை வரி வரியா திருத்த விடறது எனக்கு இதைவிட சாத்தியமா படுது, யாருக்கு எந்தப் பக்கம் வேணுமோ அவங்க அதைத் திருத்திட்டுப் போவாங்க, ஆராய்ச்சி பண்றவங்க அதிகம் தொடற பக்கம் தானாவே முதல்ல சரியாகும்.

அப்ப எது? அச்சுக்கு ஒரு கை ஒரு மெஷின், கையெழுத்துக்கு பழக்கின மாடல் கூடவே வரித் திருத்தம். ஆனா இந்த நாலுல எதை எடுத்தாலும் அதைவிட முக்கியமா நான் கேக்கற ஒண்ணு இருக்கு, டெக்ஸ்டுக்குப் பக்கத்துலயே ஸ்கேன், வரிக்கு வரி இணைச்சு. ஒரு சொல்லை கிளிக் பண்ணினா படத்துல அந்த வரி வெளிச்சமாகணும். அதோட ஒவ்வொரு பக்கத்து அடியிலயும் இது எப்படி வந்த டெக்ஸ்ட், யாராவது சரிபார்த்தாங்களான்னு ஒரு வரி. துல்லியத்தை 99 சதவீதத்துல இருந்து 99.5க்கு ஏத்தறதுக்கு போடற காசுல பாதிகூட இதுக்கு ஆகாதுன்னு நினைக்கறேன், ஆனா தப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சா ஆராய்ச்சி பண்றவன் சமாளிச்சுப்பான், ஒளிஞ்சிருந்தாதான் கவுத்துடும்.

தேடல்: டேக் போடறதா, சும்மா டெக்ஸ்டே போதுமா

ஓல்டு பெய்லில ஒவ்வொரு வழக்குக்கும் குற்றம், தீர்ப்பு, தண்டனைன்னு டேக் போட்டிருக்காங்க, குற்றத்தை திருட்டு, கொலை, ஏமாத்து, அரசுக்கு எதிரான குற்றம்னு ஒன்பது பெரிய பிரிவா பிரிச்சு அதுக்குள்ள உட்பிரிவும் வச்சிருக்காங்க. பேரையெல்லாம் மெஷின் உதவியோட பிடிச்சாங்க, தீர்ப்பு மாதிரி விஷயத்தை ஆளுங்க படிச்சுப் பாத்துப் போட்டாங்க. செலவு பிடிக்கற வேலைதான். எதுக்கு இவ்வளவு பாடுன்னு கேக்கறவங்களுக்கு ஒரே ஒரு வழக்கு மாதிரியைக் காட்டறேன். 18ஆம் நூற்றாண்டுல வீட்டுக்குள்ள இருந்து 40 ஷில்லிங் இல்ல அதுக்கு மேல மதிப்புள்ள பொருளைத் திருடினா தூக்கு. ஜூரிக்கு மனசு வரல, பொருள் நிஜமா எவ்வளவு இருந்தாலும் '39 ஷில்லிங் திருடின குற்றவாளி'ன்னு தீர்ப்பு சொல்லி உயிரைக் காப்பாத்தி விட்டுடுவாங்க. இதை 'திருட்டு, குற்றவாளி'ன்னு மட்டும் டேக் போட்டா அந்தக் கருணை முழுக்க காணாமப் போயிடும். 39ன்னு டெக்ஸ்டுல தேடினா வயசு, வீட்டு நம்பர், கைக்குட்டை எண்ணிக்கை எல்லாம் வந்து குவியும். 40 ஷில்லிங்குக்குக் கீழன்னு தீர்ப்புல தனி உட்பிரிவு இருந்தாதான் இதை எண்ணவே முடியும்.

ஆனா டேக் போட்டவங்களோட முடிவும் ஒரு வாசிப்புதான், அதை மறந்துட்டு நம்பரை அள்ளக் கூடாது. நான் ஒரு தடவை ஒரு டேட்டாவுல தண்டனையை எண்ணிட்டு, அடேயப்பா இவ்வளவான்னு ஆச்சரியப்பட்டு, அப்புறம்தான் தெரிஞ்சுது, மூணு பேர் சேர்ந்து நின்ன ஒரு வழக்கை மூணு தடவை எண்ணியிருக்கேன். தப்பு டேட்டாவுல இல்ல, எதை ஒண்ணுன்னு எண்றோம்ங்கறது எங்கயும் எழுதி வைக்காததுல. வழக்கா, குற்றம் சாட்டப்பட்ட ஆளா, குற்றச்சாட்டா? இந்த மூணையும் தேடல் பக்கத்துலயே தேர்ந்தெடுக்க விட்டா எத்தனையோ தப்பு நம்பர் அச்சுக்குப் போகாது.

அர்த்தத்தை வச்சுத் தேடறதுன்னு ஒரு புது வகை வந்திருக்கு, 'குடிச்சுட்டு சண்டை'ன்னு போட்டா அந்தச் சொல்லே இல்லாத வழக்கும் வரும். மேயறதுக்கு அருமை. எண்ணறதுக்கு உதவாது, ஏன் வந்துச்சு ஏன் வரலன்னு அதுகிட்ட கேக்க முடியாது. இரண்டாவது பட்டனா வைங்க, முதல் பட்டனா வேணாம்.

பேர் தேடலுக்கு எல்லாரும் சவுண்டெக்ஸ் போட்டுட்டு முடிஞ்சுதுன்னு நினைக்கறாங்க. 1918ல அமெரிக்காவுல பேட்டண்ட் வாங்கின முறை அது, உச்சரிப்பு ஒத்துப்போற பேரை ஒரே குறியீட்டுல கட்டும், ஸ்மித்தும் ஸ்மைத்தும் ஒண்ணா வரும். குமாஸ்தா காதால கேட்டு எழுதின தப்புக்கு இது சரியான மருந்து. மெஷின் பண்றது காது தப்பு இல்லயே, கண்ணு தப்பு. சவுண்டெக்ஸ் முதல் எழுத்தை அப்படியே வச்சுக்கும், அந்த முதல் எழுத்தையே ஓசிஆர் 'எஸ்'க்குப் பதிலா 'எஃப்'னு படிச்சுட்டா ஸ்மித் எந்தக் காலத்துலயும் அகப்பட மாட்டான். காதுக்கு ஒண்ணு, உருவத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு வகைத் தளர்வும் வேணும், தேடறவன் எது ஆன்ல இருக்குன்னு பாக்கவும் முடியணும்.

கையில குடுக்கறது

இதுல பெரிய சண்டை இல்ல. சைட்ல மட்டும் பாத்துக்கோங்கறது, ஏபிஐ வழியா, அதாவது புரோகிராம் எழுதி சைட்கிட்ட கேட்டு, கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கோங்கறது, மொத்தத்தையும் ஜிப்பா இறக்கிக்கோங்கறதுன்னு மூணு வழி. மூணாவதுதான் என் ஓட்டு, அதுவே பராமரிக்கறதுக்கும் மலிவு. அமெரிக்காவுல ஹார்வர்டு சட்ட நூலகம் சுமார் 4 கோடி பக்கம் ஸ்கேன் பண்ணி 67 லட்சம் தீர்ப்பு கிட்ட 2018ல வெளியிட்டாங்க, ஆனா ஸ்கேனுக்குக் காசு போட்ட கம்பெனியோட ஒப்பந்தத்தால பெரும்பாலான மாநிலத் தீர்ப்புகளை பொது ஆளு ஒரு நாளைக்கு 500தான் எடுக்கலாம்னு கட்டுப்பாடு இருந்துச்சு, 2024லதான் அது விலகுச்சு. ஒண்ணு ரெண்டு தீர்ப்பைப் படிக்கறவனுக்கு 500 தாராளம். மொத்தத்தையும் எண்ணிப் பாக்கறவனுக்கு அது பூட்டு. காசு இல்லாம ஸ்கேனே நடந்திருக்காதுங்கறதும் உண்மை, அதனால திட்டறதுக்கும் மனசு வரல, கையெழுத்துப் போடறப்ப தேதி போட்டு வாங்கிக்கணும், அவ்வளவுதான்.

வழக்கு நம்பர் விஷயத்துல மட்டும் சமரசம் வேணாம். ஓல்டு பெய்லில ஒரு வழக்கோட அடையாளம் 'டி' எழுத்து, அப்புறம் செஷன் ஆரம்பிச்ச தேதி எட்டு இலக்கம், ஒரு கோடு, வரிசை எண். 17800628னு பாத்தாலே 1780 ஜூன் 28ன்னு தெரிஞ்சுடும், ஓ அந்த ஜூன்லயே லண்டனை உலுக்கின கார்டன் கலவரம் முடிஞ்ச கையோட நடந்த செஷன்னு தோணிடும். சைட் மாறலாம், சாஃப்ட்வேர் மாறலாம், இந்த நம்பர் பழைய அடிக்குறிப்புல இருந்தா இன்னிக்கும் வழக்கைக் கண்டுபிடிக்கலாம். சில ஆர்க்கைவ் டேட்டாபேஸ் குடுக்கற வரிசை எண்ணையே அடையாளமா வச்சுட்டு, அடுத்த தடவை சிஸ்டம் மாத்தறப்ப மொத்தமும் மாறிப்போய், மேற்கோள் காட்டினவங்க எல்லாரையும் நடுத்தெருவுல விட்டுடறாங்க.

கடைசியா, திருத்தம் பண்ணப் பண்ண எண்ணிக்கை மாறும்ங்கறதை யாரும் பட்ஜெட்ல எழுதறதில்ல. போன வருஷம் ஒருத்தர் தேடினப்ப 412 வழக்கு வந்திருக்கும், அதே தேடலுக்கு இந்த வருஷம் 419 வரும், நடுவுல யாரோ ஏழு பக்கத்தைத் திருத்தியிருப்பாங்க, நல்ல விஷயம்தான், ஆனா முதல் ஆளு பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அதனால டெக்ஸ்டுக்கு பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு, பழைய பதிப்பையும் இறக்கிக்க விட்டு, எந்தப் பக்கத்துல எந்த வரி எப்ப மாறுச்சுன்னு ஒரு பட்டியலும் கூட வச்சா 412க்கும் 419க்கும் நடுவுல இருக்கற அந்த ஏழு பக்கத்தை யாரு வேணா திறந்து பாத்துக்கலாம்.